தவளையின் காலும் காரைக்குடியின் இரும்பும்

மின்வேதியியல் ஒரு தவளையின் காலில் பிறந்தது. இளநிலை வேதியியல் மாணவர்களுக்கு முதல் வகுப்பில் இதைச் சொன்னால் பாதிப் பேர் சிரிப்பார்கள். மீதிப் பேர் இது பரீட்சைக்கு வருமா என்று யோசிப்பார்கள். இத்தாலியின் பொலோனா நகரில் உடற்கூறியல் பேராசிரியராக இருந்த லூயிஜி கால்வானி, அறுத்துவைத்த தவளையின் கால் இரு வேறு உலோகங்கள் பட்டவுடன் துடிப்பதைக் கண்டு, அது விலங்கினுள் உறையும் மின்சாரம் என்று 1791இல் எழுதினார். பவியாவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த அலெசாந்திரோ வோல்ட்டா முதலில் அதை நம்பினார், பிறகு மறுத்தார். மின்சாரம் உலோகங்களின் சேர்க்கையில் பிறப்பது, தவளை வெறும் ஈரமான கம்பி என்பது அவர் கட்சி. அதை நிரூபிக்கத் தவளையை எடுத்துவிட்டு, துத்தநாகத்துக்கும் வெள்ளிக்கும் நடுவே உப்புநீரில் நனைத்த அட்டைகளை வைத்து அடுக்கினார். 1800இல் உலகுக்கு முதல் மின்கலம் கிடைத்தது.

இன்று பார்த்தால் இருவரும் பாதி சரி. நரம்பில் மின்னோட்டம் உண்டு. உலோகச் சேர்க்கையிலும் உண்டு. ஆனால் பாடநூல்கள் வழக்கைச் சமரசமாக முடிக்கவில்லை. வோல்ட்டா வேதியியலுக்குப் போனார், கால்வானி உடலியலுக்குப் போனார், தவளை விலங்கியல் ஆய்வுக்கூடத்துக்குப் போய்ச்சேர்ந்தது. 1911இல் டர்ஹாம் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் பேராசிரியர் எம்.சி. பாட்டர் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் வளரும் கரைசலில் பிளாட்டினம் மின்முனைகளை வைத்து, அரை வோல்ட்டுக்கும் குறைவான ஒரு மின்னழுத்தத்தை அளந்து காட்டினார். அதன்பின் நெடுங்காலம் அதை யாரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. தாவரவியலாளர் ஒருவர் மின்முனையைத் தொட்டதை வேதியியலார் கவனித்திருக்க நியாயமில்லை.

இந்தப் பழங்கதையை நான் இங்கே இழுத்து வருவதற்குக் காரணம் நான் வாழும் ஊர். காரைக்குடியில் மின்வேதியியலுக்கென்றே ஒரு தேசிய ஆய்வுக்கூடம் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்ததால் வந்தது அது. 1948 ஜூலை 25இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14இல், பொங்கலன்று, டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் என்ற முழுப்பெயரை ஊரில் யாரும் சொல்வதில்லை. ஆட்டோக்காரர் முதல் அனைவருக்கும் அது 'சிக்ரி'தான். பக்கத்திலேயே 1985இல் அழகப்பா பல்கலைக்கழகம் எழுந்தது. அங்கே தொழில்சார் வேதியியல் உண்டு, உயிரித் தொழில்நுட்பம் உண்டு, உயிரித் தகவலியல் உண்டு. ஒரு வளாகத்தில் உலோகத்தின் அரிமானத்தை ஆராய்கிறார்கள். நடந்துபோகும் தொலைவில் நுண்ணுயிர்களை வளர்க்கிறார்கள். வேதியியலையும் உயிரியலையும் ஒருசேரக் கற்ற ஆய்வாளர்களைப் பயிற்றுவிக்க இதைவிடத் தோதான ஊர் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை.

நான் கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். எங்கள் வீட்டு மாடியை ஆய்வு மாணவர்களுக்கு வாடகைக்கு விடுவது வழக்கம். எந்த நிறுவனத்து மாணவர்கள் என்பது இங்கே வேண்டாம். 2016இல் ஒரு பெண் வந்து சேர்ந்தாள். நுண்ணுயிரியலில் முதுநிலை முடித்தவள்; நெறியாளரோ முழு வேதியியலார். தலைப்பு, குழாய்களில் பாக்டீரியாவால் ஏற்படும் அரிமானம். ஆறு ஆண்டுகள் எங்கள் மாடியில் இருந்தாள். துறைகளுக்கு இடையிலான ஆய்வுப் பயிற்சி என்பதைப் பற்றி நான் அறிந்ததில் பெரும்பகுதி, இரவு எட்டரைக்கு அவள் திரும்பி வந்து, ஆச்சி எடுத்துவைத்த இட்லியைச் சாப்பிட்டபடி பொருமியதிலிருந்து வந்தது.

அந்தத் தலைப்பின் வரலாற்றைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். ஈரக் களிமண்ணில் புதைத்த இரும்புக் குழாய், காற்றே புகாத இடத்தில், ஏன் அரிக்கிறது? துருவுக்கு ஆக்ஸிஜன் வேண்டும் என்றுதான் பள்ளியில் படிக்கிறோம். 1895இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் பெய்ஜரிங்க், ஆக்ஸிஜனுக்குப் பதிலாகச் சல்ஃபேட்டைச் சுவாசித்து ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளிவிடும் பாக்டீரியாவைக் கண்டறிந்தார். 1934இல் அதே நாட்டின் ஃபான் வோல்ட்சோகன் கூர், ஃபான் டெர் ஃப்ளூக்ட் என்ற இருவர் ஒரு விளக்கம் தந்தார்கள். ஆக்ஸிஜன் இல்லாத நீரில் இரும்பின் மேல் ஹைட்ரஜன் படிந்து அரிமானத்தைத் தடுத்து நிறுத்துகிறது. பாக்டீரியா அந்த ஹைட்ரஜனைத் தின்றுவிடுவதால் தடை நீங்கி அரிமானம் தொடர்கிறது. அழகான விளக்கம். ஒரு தலைமுறையே அதை அப்படியே ஒப்பித்தது.

வேதியியலார் விடவில்லை. பாக்டீரியா உமிழும் சல்ஃபைடே இரும்பை அரிக்குமே, அதனால் படியும் கரிய இரும்பு சல்ஃபைடு தானே ஓர் எதிர்மின்முனையாக வேலை செய்யுமே, ஹைட்ரஜனைத் தின்றது என்று எதற்குச் சொல்ல வேண்டும் என்றார்கள். 1971இல் கிங், மில்லர் இருவரும் இரும்பு சல்ஃபைடின் பக்கம் வலுவாக வாதிட்டார்கள். பிறகு 2004இல் ஜெர்மனியின் பிரெமன் நகரில் ஃபிரீட்ரிக் விட்டெல் குழுவினர் கடலடிச் சேற்றிலிருந்து, இரும்பைத் தவிர வேறு உணவில்லாத புட்டியில் வளரும் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்கள். அவை ஹைட்ரஜனைத் தின்னும் வழக்கமான இனங்களைவிட விரைவாக இரும்பை அரித்தன. எலெக்ட்ரானை உலோகத்திலிருந்தே நேராக உறிஞ்சுகின்றன என்பது அவர்களின் முடிவு. 1934இல் தொடங்கிய வழக்கு எழுபது ஆண்டுகளில் மூன்று தீர்ப்புகளைக் கண்டது. உயிரினத்தை வளர்க்கவும் மின்முனையை அளக்கவும் ஒரே கூரையின் கீழ் தெரிந்திருந்த இடத்தில்தான் மூன்றாவது வந்தது. அது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

இனி மாடிக்கு வருவோம். முதல் ஆண்டில் அவளுக்கு மிகவும் கடினமாக இருந்தது எது என்று கேட்டால், பொட்டென்ஷியோஸ்டாட் கருவி என்றோ நெர்ன்ஸ்ட் சமன்பாடு என்றோ விடை வரும் என எதிர்பார்ப்பீர்கள். அவற்றை அவள் மூன்று மாதத்தில் கற்றுக்கொண்டாள். எனக்கும் கொஞ்சம் பங்குண்டு. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. நுண்ணுயிரியலில் இந்தப் பாக்டீரியாவை வளர்க்கப் பயன்படும் போஸ்ட்கேட் ஊடகம் ஒன்றில் இரும்பு உப்பைச் சேர்ப்பார்கள். பாக்டீரியா வளர்ந்தால் சல்ஃபைடு உண்டாகி, இரும்போடு சேர்ந்து, புட்டி கறுத்துவிடும். கறுத்தால் வளர்ந்தது என்று பொருள், கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். அவள் முதுநிலையில் நூறு முறை செய்தது அது. அதையே செய்து, கறுத்த புட்டியில் இரும்புத் தகட்டைத் தொங்கவிட்டாள். நெறியாளர் பார்த்தார். "அம்மா, நீ அளக்கப்போவது பாக்டீரியாவின் வேலையையா, நீ ஊற்றிய இரும்பு உப்பின் வேலையையா?" என்று கேட்டார். அந்தக் கருப்புதான் அரிமானத்தைத் தூண்டும் இரும்பு சல்ஃபைடு ஆயிற்றே. ஊடகத்தில் இருக்கும் பாஸ்ஃபேட்டோ அரிமானத்தைத் தடுக்கும். உயிரைப் பேணச் சேர்த்த ஒவ்வொரு பொருளும் உலோகத்துக்கு ஏதோ ஒன்றைச் செய்துகொண்டிருந்தது.

எதிர்த்திசையிலும் இதே கதை. நெறியாளரின் வேதியியல் மாணவர்கள் மின்னழுத்தத்தை விரிவாக மேலும் கீழும் செலுத்தி வளைகோடு வரைவார்கள். ஒரு மணி நேரத்தில் அரிமான வேகம் கைக்கு வந்துவிடும். உயிர்ப்படலம் படிந்த தகட்டில் அதைச் செய்தபோது அழகான வளைகோடு வந்தது. அவள் தகட்டை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தாள். படலம் கிழிந்து தொங்கிற்று. "சார், அவ்வளவு வோல்ட்டேஜ் குடுத்தா அதுங்க எப்படி சார் இருக்கும்?" என்று என்னிடம் கேட்டாள். உயிரோடிருக்கும் படலத்தை அளக்க வேண்டுமானால் பத்து மில்லிவோல்ட் அளவில் மெல்லத் தட்டிப் பார்க்கும் மின்மறுப்பு முறைதான் வழி என்று ஆறு மாதம் கழித்து ஆய்வகம் முடிவு செய்தது. அந்த ஆறு மாதம் ஆய்வேட்டில் ஒரு வாக்கியமாக இருக்கிறது.

நான் கண்டுகொண்டது இதுதான். வேதியியலாருக்கு உயிர் என்பது கரைசலில் கலந்துவிட்ட அழுக்கு. வடிகட்டி நீக்க வேண்டியது. நுண்ணுயிரியலாருக்கு உலோகம் என்பது பாத்திரம். அது எதிலும் பங்கெடுப்பதில்லை என்று வைத்துக்கொள்வது. ஒருவர் அழுக்கென்று ஒதுக்குவது மற்றவரின் பாடப்பொருளாக இருக்கிறது. இரண்டு பாடங்களையும் படித்துவிட்டால் துறைகளைக் கடந்துவிட்டதாக எண்ணுகிறோம். பாடங்களைப் படிப்பது எளிது. மற்றவர் எதைச் சந்தேகிப்பார் என்பதைத் தன் கையில் ஏற்றிக்கொள்வதற்குத்தான் ஆண்டுகள் ஆகின்றன. ஒப்பீட்டுக்காக உயிரற்ற புட்டி ஒன்று வேண்டும் என்றால் நுண்ணுயிரியலார் கைக்கு முதலில் வருவது நஞ்சு. அந்த நஞ்சு இரும்பை என்ன செய்யும் என்று கேட்கும் அனிச்சை, நூலகத்தில் கிடைக்காது.

காலத்தைப் பற்றிய உணர்வும் அப்படியே. பொட்டென்ஷியோஸ்டாட்டின் முன் உட்காருகிறவன் மதியத்துக்குள் விடை காண்பவன். சல்ஃபேட்டை ஒடுக்கும் பாக்டீரியாவின் புட்டியை இருபத்தெட்டு நாள் வரை வைத்துப் பார்ப்பது வழக்கம். ஆய்வுக் குழுக் கூட்டத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை போகிறபோது, ஒரே அறையில் படிக்கும் வேதியியல் மாணவனிடம் முப்பது படங்கள் இருக்கும்; இவளிடம் நான்கு. குழுவில் வேதியியல் உறுப்பினர் வளைகோடுகள் போதவில்லை என்பார். உயிரியல் உறுப்பினர் மரபணு வரிசை போதவில்லை என்பார். இருவருக்கும் நியாயமான பதில் ஒன்றுதான், நாள் போதவில்லை.

வெளிநாடுகளில் இதற்கென்று ஏற்பாடுகள் உண்டு. அமெரிக்க தேசிய உடல்நல நிறுவனங்கள் 1990களிலிருந்தே வேதியியல்-உயிரியல் இடைமுகம் என்ற பெயரில் முனைவர் பட்ட மாணவர்களின் பயிற்சிக்கு நிதி தருகின்றன. வேதியியல் மாணவன் உயிரியல் ஆய்வகத்தில் சில மாதங்கள் கழிக்க வேண்டும். உயிரியல் மாணவன் மறுபக்கம் வர வேண்டும். இங்கே 2009இன் பல்கலைக்கழக மானியக் குழு விதிகள் முனைவர் பட்டத்துக்கு முன்பாடங்களைக் கட்டாயமாக்கின. நல்ல நோக்கம். நடைமுறையில் ஆய்வு முறையியல் என்று ஒரு தாள், நெறியாளரின் துறையில் ஒன்றிரண்டு தாள்கள், எழுத்துத் தேர்வு. கையை எங்கும் நனைக்க வேண்டியதில்லை.

பிளவு முனைவர் பட்டத்தில் தொடங்குவதும் இல்லை. நம் மேல்நிலைப் பள்ளியில் பதினைந்து பதினாறு வயதில் பிள்ளைகளைக் 'குரூப்' பிரிக்கிறோம். கணினி அறிவியல் குரூப் எடுத்தவன் உயிரியலை அத்தோடு விட்டுவிடுகிறான். தாவரவியல், விலங்கியல் எடுத்தவள் கணிதத்தை விட்டுவிடுகிறாள். ஆய்வு உதவித்தொகைக்கான தேசியத் தகுதித் தேர்வில் வேதி அறிவியல் ஒரு தாள், உயிர் அறிவியல் இன்னொரு தாள். பத்தாண்டுகள் சுவர் எழுப்பிவிட்டு, இருபத்து நான்காம் வயதில், குதித்து அந்தப் பக்கம் போ என்கிறோம்.

திட்டம் ஏதும் இல்லாமலே இது நடந்ததற்கும் நம்மிடம் முன்னுதாரணம் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 1952இல் இயற்பியல் பேராசிரியராக வந்த ஜி.என். ராமச்சந்திரனை, அங்கு வந்த ஜே.டி. பெர்னல் கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பை நோக்கித் திருப்பிவிட்டார். கொலாஜன் தோலின் புரதம். கிண்டிக்கும் அடையாற்றுக்கும் நடுவே மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது. அங்கிருந்து மாதிரி வந்தது. கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து 1954இல் முப்புரிச் சுருள் அமைப்பை வெளியிட்டார். 1963இல் அவரும் மாணவர்கள் ராமகிருஷ்ணன், சசிசேகரனும் தந்த வரைபடம் இன்றும் உலகின் ஒவ்வொரு புரத அமைப்பையும் சரிபார்க்க உதவுகிறது. இயற்பியல் துறையில், தோல்கிடங்கின் உபயத்தில், உயிர்வேதியியல் நடந்தது. இரு கட்டடங்களுக்கு இடையே தொலைவு குறைவாக இருந்ததும், யாரும் படிவம் கேட்காததும் அதற்குப் போதுமானதாக இருந்தன.

படிவம் கேட்காத பயிற்சி எங்கள் ஊரில் வேறோர் இடத்திலும் இருந்தது. செட்டிநாட்டு வீடுகளின் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பளிங்குபோல வழவழவென்று குளிர்ச்சியாக இருக்கும். சுண்ணாம்பை நாள்கணக்கில் ஊறவைத்து அரைத்து, கடுக்காய் நீரும் கருப்பட்டியும் சேர்த்து, மேல்பூச்சுக்கு முட்டை வெண்கருவைக் கலந்து, கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்து இறுகுவது வேதியியல். கருப்பட்டி நீர் புளிப்பதும் வெண்கருவின் புரதம் படிகத்தோடு பிணைவதும் உயிரியல். கொத்தனாரிடம் சிற்றாளாகச் சேர்ந்த பையனுக்கு இந்த இரண்டு பெயர்களும் தெரியாது. ஊறலின் வாசனை என்றைக்குச் சரியாகும் என்று தெரியும். பழமைப் பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. அந்தப் பையனுக்கு ஏன் என்று கேட்க உரிமையில்லை, கூலியும் சொற்பம். ஆனால் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டையும் ஒருங்கே கற்றான் என்பதை மறுக்க முடியாது.

என் மாடி மாணவி 2022இல் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தாள். வாய்மொழித் தேர்வு நன்றாகவே நடந்தது. அதன்பிறகுதான் உண்மையான சோதனை. ஒரு தனியார் கல்லூரியில் வேதியியல் துறைக்கு நேர்காணல். முதுநிலை வேதியியல் இல்லையே என்றார்கள். இன்னொன்றில் நுண்ணுயிரியல் துறை; ஆய்வேடு முழுக்க இரும்பாக இருக்கிறதே என்றார்கள். விதியும் அவர்கள் பக்கம்தான். 2018இன் விதிகளின்படி உதவிப் பேராசிரியர் பணிக்குச் சம்பந்தப்பட்ட அல்லது சார்ந்த பாடத்தில் முதுநிலைப் பட்டம் வேண்டும். எது சார்ந்தது என்பதைத் தேர்வுக்குழு முடிவு செய்யும். சந்தேகம் வந்தால் தமிழ்நாட்டில் எந்தப் பட்டம் எதற்கு இணை என்று அரசாணை தேட வேண்டும். 2025 ஜனவரியில் மானியக் குழு வெளியிட்ட வரைவு விதிகளில், முனைவர் பட்டம் பெற்ற பாடத்திலேயே ஒருவர் கற்பிக்கலாம், முதுநிலை வேறாக இருந்தாலும் தடையில்லை என்று ஒரு யோசனை இருந்தது. அதே வரைவு துணைவேந்தர் நியமனத்தையும் தொட்டதால் தமிழ்நாட்டில் பெரும் எதிர்ப்பு எழுந்தது, சட்டமன்றத் தீர்மானம் வரை போயிற்று. எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது. இந்த ஒரு வரியைப் பற்றிப் பேசத்தான் எந்த மேடையிலும் ஆள் இல்லை.

துறைகளைக் கடந்த ஆய்வின் பயனை மட்டும் எல்லாரும் அனுபவிக்கிறோம். வெள்ளைப் பணியாரமும் கந்தரப்பமும் தின்றுவிட்டு மறுநாள் காலை விரலில் குத்திப் பார்க்கிறோமே, அந்தச் சர்க்கரைப் பட்டை குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் என்ற நொதியும் ஒரு மின்முனையும் சேர்ந்தது. நொதியிலிருந்து எலெக்ட்ரானை மின்முனைக்குக் கடத்த ஃபெரோசீன் என்ற இரும்புச் சேர்மத்தைப் பயன்படுத்தலாம் என்று 1984இல் காட்டியவர்கள் ஆக்ஸ்ஃபோர்டின் வேதியியலாரும் கிரான்ஃபீல்டின் உயிரித் தொழில்நுட்பவியலாரும். எங்கள் தெருவில் அந்தப் பட்டை வாங்காத வீடு குறைவு. அந்த இருவரும் நம் ஊரில் எந்தத் துறையில் வேலைக்கு விண்ணப்பித்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்ப்பேன்.

என்னைக் கேட்டால் பெரிய திட்டம் எதுவும் வேண்டியதில்லை. தலைப்பைப் பதிவு செய்யும் முன் ஆறு மாதம் மாணவர் மறுதுறை ஆய்வகத்தில் வேலை செய்யட்டும். அந்த ஆறு மாதத்துக்குப் படங்கள் எத்தனை என்று யாரும் கேட்கக் கூடாது. இரண்டாம் நெறியாளரின் பெயர் முதல் நாளிலிருந்தே தாளில் இருக்கட்டும். பட்டச் சான்றிதழில் துறைக்கு இரண்டு சொற்கள் அச்சிட மை அதிகம் செலவாகாது. இவ்வளவுக்கும் காரைக்குடியில் ஒரு சைக்கிள் போதும்.

அவள் இப்போது குஜராத்தில், எண்ணெய்க் குழாய்களைச் சோதிக்கும் ஒரு தனியார் நிறுவனத்தில் இருக்கிறாள். குழாயைச் சுரண்டி எடுத்த கரிய சேற்றின் படம் அவ்வப்போது என் கைப்பேசிக்கு வரும். மேலாளர் கேட்பது எப்போதும் ஒரே கேள்வியாம், கெமிக்கலா பாக்டீரியாவா என்று. அவள் ஒவ்வொரு முறையும் இரண்டு புட்டிகள் கேட்கிறாள்.

மாடியில் இப்போது தேவகோட்டைப் பக்கத்துப் பையன் ஒருவன் இருக்கிறான். முதுநிலை வேதியியல், தலைப்பு கிட்டத்தட்ட அவளுடையதேதான். போன மாதம் ஒரு நாள் இரவு முகம் வாடி வந்தான். பாக்டீரியா இல்லாத ஒப்பீட்டுப் புட்டியில் தகடு பாக்டீரியா இருக்கும் புட்டியைவிட அதிகமாக அரித்துப்போயிருக்கிறது. எனக்குத் தெரிந்த நாலு காரணங்களைச் சொன்னேன், அவன் சமாதானமாகவில்லை. குஜராத்துக்குப் போன் போட்டுக் கொடுத்தேன்.

"அக்கா, கன்ட்ரோல்லதான் அக்கா அரிக்குது."

"கிருமி வரக்கூடாதுன்னு என்ன மருந்து போட்டே?"

"மெர்க்குரிக் குளோரைடு."

கொஞ்ச நேரம் மறுமுனையில் சத்தமே இல்லை. பிறகு, "தம்பி, நீ கெமிஸ்ட்ரிதானே படிச்சே?" என்று அவள் கேட்டது எனக்கும் கேட்டது.